முப்படைக் கல்லூரிகளின் பந்தாட்டத்தில் வலுச் சமநிலை

வலுச் சமநிலை என்னுஞ் சொற்றொடரை வரலாற்று மாணவர் நன்கறிவர். ஐரோப்பிய அரசுகளுள் எதுவும் ஏனையவற்றை அடக்கியாளும் வலிமை பெற்றுவிடலாகாது என்பதற்காகப் பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசறிஞர் மேற்கொண்ட கொள்கையை அது குறிக்கும். உடன்படிக்கை, எல்லை வரையறை, நடுநிலை நாடு என்பன அக்கொள்கையின் கருவிகளாயின. அரசியலுக்கு உரிய இக்கொள்கை விளையாட்டரங்கிலும் தொழிற்படுவதை ஐக்கிய அமெரிக்காவின் படைக் கல்லூரிகளது பந்தாட்ட வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. போர்த்தொழில் பயிலும் மூன்று கல்லூரிகள் தம்முள் ஆடும் ஆட்டத்தை எவ்வாறு ஒத்த வலிமையுடையோர் போட்டியாகக் காத்துக்கொண்டன, எங்கெங்கே அச்சமநிலை குலைந்தது, குலைந்தபின் எவ்வாறு மீண்டது என்பவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈண்டுப் பந்தாட்டம் என்றது நம் நாட்டில் உதைபந்தாட்டம் என வழங்கும் ஆட்டத்தையன்று. றக்பி ஆட்டத்தினின்று கிளைத்து, நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடியும் எறிந்தும் ஆடப்படும் அமெரிக்கப் பந்தாட்டத்தையே குறித்தது. பக்கத்துக்குப் பதினொருவர் ஆடுவர். முன்னணியில் நிற்போர் ஒருவரையொருவர் உடல்வலியால் தள்ளி வழிசெய்ய வேண்டியிருத்தலின், பாரிய உடலும் பெருநிறையும் இவ்வாட்டத்தில் மிக்க பயன் தருவன.

மூன்று கல்லூரிகளாவன: நியூ யோர்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் 1802இல் நிறுவப்பெற்ற வெஸ்ட் பொயின்ற் இராணுவக் கல்லூரி, மேரிலாந்து மாநிலத்து அனபொலிஸ் நகரில் 1845இல் நிறுவப்பெற்ற கடற்படைக் கல்லூரி, 1954ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோற்றுவிக்கப்பட்டுக் கொலறாடோ மாநிலத்தில் அமைந்த விமானப்படைக் கல்லூரி. இம்மூன்றும் ஏனைய அமெரிக்கப் பல்கலைக்கழகங்களினின்றும் வேறுபட்டவை. இவற்றுட் சேர விரும்புவோர் பெரும்பாலும் காங்கிரஸ் உறுப்பினர் போன்றோரின் நியமனப் பரிந்துரை பெறல் வேண்டும். கட்டணம் இல்லை, மாறாக மாதச் சம்பளம் உண்டு. ஆயின் பட்டம் பெற்றபின் குறைந்தது ஐந்தாண்டு படைச்சேவை செய்தல் இன்றைய நியதி. உயரம், நிறை, உடல்நலம் என்பவற்றிலும் படைக்குரிய அளவுகோல்கள் உள. பந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு பெரும்பொருள் ஈட்டக் கருதும் இளைஞன் இவ்வாயில்களை நாடுதல் அரிது. எனவே, ஏனைய பல்கலைக்கழகங்களுக்கு எதிரே இம்மூன்றும் பின்தங்கியே நிற்கும். தமக்குள்ளேயோ ஒரே விலங்கு பூண்டு நிற்கும். இவற்றிடையே சமநிலைக்கு இயற்கையான அடித்தளம் இதுவேயாம்.

ஆயின் அடித்தளம் ஒன்றே போதாது என்பதற்கு முதலாட்டமே சான்று. 1890ஆம் ஆண்டு நவம்பர் 29ஆந் திகதி வெஸ்ட் பொயின்றில் இராணுவக் குழுவும் கடற்படைக் குழுவும் முதன்முறை எதிர்த்து ஆடின. கடற்படை மாணவர் அதற்குமுன் பல்லாண்டு இவ்வாட்டத்திற் பழகியவர். இராணுவக் கல்லூரியிலோ டெனிஸ் மைக்கி என்னும் மாணவரின் முயற்சியால் அவ்வாண்டே குழு கூட்டப்பெற்றது. கடற்படை 24-0 என வென்றது. தோற்றவர் சோர்ந்திலர், பயிற்சி பெற்று மறுவாண்டு அனபொலிசுக்குச் சென்று 32-16 என வென்றனர். இதனை ஆரம்பித்துவைத்த மைக்கி 1898இல் ஸ்பானிய அமெரிக்கப் போரிலே கியூபாவில் வீழ்ந்துபட்டார். வெஸ்ட் பொயின்றின் விளையாட்டரங்கு இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

போட்டி வளரப் பகையும் வளர்ந்தது. 1893இல் கடற்படை 6-4 என வென்ற ஆட்டத்தின் பின்னர் எழுந்த வாக்குவாதங்கள் உயர் அதிகாரிகளையும் தொட்டன. சனாதிபதி கிளீவ்லாந்தின் மந்திரிசபை இதனை ஆராய்ந்தது. 1894இல் இரு கல்லூரிக் குழுக்களும் தத்தம் வளாகத்தை விட்டு வெளியே சென்று ஆடலாகாது எனக் கட்டளை பிறந்தது. பிற கல்லூரிகள் இவர்களிடம் வரலாம். இவர்கள் எங்கும் செல்லலாகாது. ஆகவே இருவரும் தம்முட் சந்தித்தல் இயலாததாயிற்று. அக்காலத்திற் கடற்படைத் துணைச் செயலாளராயிருந்த தியடோர் றூஸ்வெல்ற், ஆட்டத்தை மீட்டல் வேண்டுமென 1897இல் போர்ச் செயலாளருக்குக் கடிதம் வரைந்தார். 1899இல் ஆட்டம் மீண்டது. ஆயின் வெஸ்ட் பொயின்றிலுமன்று, அனபொலிசிலுமன்று, இரண்டுக்கும் இடைப்பட்ட பிலடெல்பியா நகரிலாம். இந்நடுநிலை நிலம் சமநிலைக்கு ஒரு கருவியாயிற்று. சொந்தக் களத்தில் ஆடுவோர்க்குள்ள நயம் இருபாலார்க்கும் இல்லாதொழிந்தது. அன்று தொட்டு இவ்வாட்டம் பெரும்பாலும் பொதுநகரங்களிலேயே நடைபெற்று வருகின்றது.

அடுத்த பிணக்கு நம் பொருளுக்கு இன்னும் நெருங்கியது. 1922 முதல் 1927 வரை நடந்த ஆறு ஆட்டங்களுள் நான்கில் இராணுவம் வென்றது. 1923இலும் 1926இலும் வெற்றி தோல்வியின்றி முடிந்தன. 1926ஆம் ஆண்டு ஆட்டம் சிக்காகோ நகரிலே நூறாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள் முன்னிலையில் 21-21 என முடிவுற்றது. இராணுவத்தின் இவ்வலிமைக்குக் காரணம் யாது? பிற கல்லூரிகளில் ஆடிப் பழகியபின் வெஸ்ட் பொயின்றிற் சேர்ந்தோரை அக்கல்லூரி தடையின்றி ஆடவிட்டது. கிறிஸ் கேகில் என்னும் புகழ்பெற்ற வீரர் லூசியானாவிலுள்ள கல்லூரியொன்றில் நான்காண்டு ஆடிய பின்னர், 1926 முதல் 1929 வரை வெஸ்ட் பொயின்றில் மீண்டும் நான்காண்டு ஆடினார். அக்காலத்திற் பெரும்பாலான கல்லூரிகள் ஒருவர் மூன்றாண்டே ஆடலாம் என்னும் விதியைக் கொண்டிருந்தன. கடற்படைக் கல்லூரியும் 1927இல் அவ்விதியை ஏற்றது. இராணுவமும் ஏற்றல் வேண்டும் எனக் கேட்டது. இராணுவம் மறுத்தது. தன் மாணவர் தொகை சிறிது, தன்னிடம் சேர்வோரின் வயதெல்லை வேறு, ஆதலால் ஒரே விதி இருவர்க்கும் ஒத்த பயன் தராது என்பது இராணுவத்தின் வாதம்.

இவ்விரு வாதங்களையும் ஊன்றி நோக்குதல் தகும். கடற்படை கூறியது விதிச் சமத்துவம்: யாவர்க்கும் ஒரே அளவுகோல். இராணுவம் கூறியது நிலைச் சமத்துவம்: நிலைமை வேறுபடின் அளவுகோலும் வேறுபடலாம். இரண்டும் நியாயம் போலத் தோன்றுவன. ஆயினும் இராணுவத்தின் வாதத்தில் ஒரு குறை உண்டு. தனக்கு எவ்வளவு சலுகை வேண்டும் என்பதைத் தானே தீர்மானிக்கும் ஒருவன், அச்சலுகைக்கு எல்லை காண்பதில்லை. மாணவர் தொகை சிறிதென்பது மெய்யேயாயினும், அக்குறையை நிரப்ப எட்டாண்டு பழகிய வீரனைக் களத்திலிறக்குதல் அளவுக்கு மிஞ்சியதேயாம். உடன்பாடு ஏற்படாமையால் 1928, 1929ஆம் ஆண்டுகளில் ஆட்டம் நடைபெறவில்லை.

1930இற் பொருளாதார மந்தம் நாட்டை வருத்தியபோது, வேலையற்றோர்க்கு உதவும் பொருட்டு நியூ யோர்க் நகரிலே ஆட்டம் மீண்டும் நடத்தப்பெற்றது; இராணுவம் 6-0 என வென்றது. அறத்தின்பொருட்டு ஆட்டம் மீண்டதேயன்றி விதியில் இணக்கம் உடனே தோன்றவில்லை. 1934இல் சேறு நிறைந்த களத்தில் ஸ்லேட் கட்டர் என்பவர் உதைத்த ஒரே உதையால் 3-0 எனக் கடற்படை வென்றபோதுதான், 1921க்குப் பின்னர் அதற்கு முதல் வெற்றி கிட்டியது. இக்கட்டர் பின்னர் இரண்டாம் உலகப்போரிலே நீர்மூழ்கிக் கப்பற் தளபதியாய் விளங்கிப் புகழ் பெற்றார். நாளடைவில் இராணுவமும் மூன்றாண்டு விதிக்குள் வந்தது. 1939 முதல் 1943 வரை கடற்படை தொடர்ந்து ஐந்தாண்டு வென்றமை நோக்கத்தக்கது.

போர்க்காலம் ஒரு விந்தையான நிலையை உண்டாக்கிற்று. பிற பல்கலைக்கழகங்களின் இளைஞர் படைக்கு அழைக்கப்பட, அவற்றின் குழுக்கள் மெலிந்தன. படைக் கல்லூரி மாணவரோ கல்லூரியிலேயே இருந்து பயின்றனர். அன்றியும் பிறவிடங்களிற் புகழ்பெற்ற வீரர் பலரும் இங்கு வந்து சேர்ந்தனர். 1942இல் பிரயாணக் கட்டுப்பாடு காரணமாக ஆட்டம் அனபொலிசிலேயே நடைபெற்றது. இராணுவ மாணவர் வர இயலாமையால், கடற்படை மாணவருள் ஒரு பகுதியினரே இராணுவக் குழுவுக்கு ஆரவாரம் செய்யுமாறு பணிக்கப்பட்டனர். களத்திலே எதிரி, ஆயினும் அவனுக்கும் குரல்கொடுக்க ஒருவர் வேண்டும் என்னும் அப்பண்பு பாராட்டற்பாலது.

1944இலும் 1945இலும் நாட்டின் முதலிரு இடங்களையும் இவ்விரு குழுக்களே வகித்தன. இராணுவம் முறையே 23-7, 32-13 என வென்றது. றெட் பிளெயிக் என்னும் பயிற்றுநரின் கீழ் டொக் பிளஞ்சாட், கிளென் டேவிஸ் ஆகியோர் ஆடிய அக்குழு 1944 முதல் 1946 வரை ஓர் ஆட்டத்தையும் தோற்றதில்லை. நாட்டின் சிறந்த கல்லூரி வீரர்க்குரிய ஹைஸ்மன் பரிசு 1945இற் பிளஞ்சாட்டுக்கும் 1946இல் டேவிசுக்கும் கிடைத்தது.

இவ்வாறு ஒருபால் ஓங்கியிருந்த வேளையிலும் இவ்விருவர் ஆட்டம் மட்டும் முன்கணிப்புக்கு அடங்கவில்லை. 1948இற் கடற்படை எட்டு ஆட்டத்தில் எட்டையும் தோற்று வந்தது. இராணுவம் எட்டில் எட்டையும் வென்று வந்தது. முடிவு 21-21. 1950இல் தோல்வியறியாது வந்த இராணுவத்தை, இரண்டே ஆட்டம் வென்றிருந்த கடற்படை 14-2 என வீழ்த்தியது. ஆண்டு முழுவதும் பிறரோடு பெற்ற வெற்றி தோல்வி ஒன்றாகவும், தம்முள் ஆடும் ஒருநாள் வலிமை வேறாகவும் இருத்தலை இவை காட்டுவன.

மறுவாண்டு நிகழ்ந்தது துயரமானது. 1951இல் பரீட்சையில் முறைகேடு செய்தமைக்காக, மாண்புவிதியை மீறியோர் என ஏறத்தாழ 90 மாணவர் வெஸ்ட் பொயின்றினின்றும் விலக்கப்பட்டனர். அவருட் பலர் பந்தாட்டக் குழுவினர். பயிற்றுநர் பிளெயிக்கின் மகனும் அவருள் ஒருவர். அவ்வாண்டு இராணுவம் ஒன்பது ஆட்டத்தில் ஏழைத் தோற்றது. கடற்படையிடம் 42-7 எனத் தோற்றது. கல்லூரி தன் வெற்றியைக் கருதி விதியைத் தளர்த்தியிருப்பின் களத்திலே சமநிலை நின்றிருக்கும், கல்லூரி நின்றிராது. வெஸ்ட் பொயின்ற் தோல்வியைத் தெரிந்துகொண்டது. 1927இல் விதியொன்றை ஏற்க மறுத்த அதே நிறுவனம், 1951இல் தன் விதிக்காகத் தன் குழுவையே இழந்தது என்பது இவ்வரலாற்றிற் சிந்திக்கத்தக்க திருப்பமாகும். பிளெயிக் பதவி விலகாது நின்று புதிய குழுவை வளர்த்தார். 1953இல் இராணுவம் கடற்படையை 20-7 என வென்றது. 1958இல் மீண்டும் தோல்வியின்றி ஆண்டை முடித்தது. அவ்வாண்டு பீற் டோக்கின்சும், கடற்படையில் 1960இல் ஜோ பெலினோவும், 1963இல் றொஜர் ஸ்ரோபாக்கும் ஹைஸ்மன் பரிசு பெற்றனர்.

இதற்கிடையே மூன்றாவது வலு ஒன்று தோன்றியது. விமானப்படைக் கல்லூரியின் முதல் வகுப்பினர் 1959இலேயே பட்டம் பெற்றனர். எனினும் 1958ஆம் ஆண்டிலேயே அதன் குழு ஓராட்டமும் தோலாது நின்றது. 1959இல் இராணுவத்தோடு முதன்முறை ஆடி 13-13 எனச் சமன் செய்தது. 1960இற் கடற்படையிடம் 35-3 எனத் தோற்றது. இருவர் போட்டி மூவர் போட்டியாயிற்று. 1972 முதல் மூவருள்ளும் மேம்பட்டார்க்குப் பிரதம தளபதி வெற்றிக்கிண்ணம் வழங்கப்படுகின்றது. நாட்டின் சனாதிபதியே முப்படைகளின் பிரதம தளபதியாதலின் இப்பெயர் வந்தது. ஏறத்தாழ 170 இறாத்தல் நிறையுள்ள இக்கிண்ணம், மூவரும் ஒவ்வோர் ஆட்டத்தில் வென்று சமநிலையுற்றால் முன்னாண்டு பெற்றவரிடமே தங்கும்.

1972 முதல் 2024 வரையுள்ள 53 ஆண்டுகளைக் கணக்கிடின், விமானப்படை 21 முறையும் கடற்படை 17 முறையும் இராணுவம் 10 முறையும் கிண்ணம் வென்றன. 5 முறை எவரும் தனித்து வென்றிலர். இத்தொகையை மட்டும் பார்ப்பவர் விமானப்படையே என்றும் மேம்பட்டது என எண்ணக்கூடும். ஆனால் காலப் பகுப்புச் செய்து நோக்கின் உண்மை வேறாகும். 1972 முதல் 1981 வரையுள்ள பத்தாண்டிற் கடற்படை ஐந்தும் இராணுவம் இரண்டும் பெற, விமானப்படை ஒன்றேனும் பெறவில்லை. 1982 முதல் 2002 வரையுள்ள 21 ஆண்டில் விமானப்படை 16 முறை வென்றது. இராணுவம் நான்கு முறை வென்றது. கடற்படை ஒரு முறையேனும் வென்றிலது. 2003 முதல் 2009 வரை ஏழாண்டும் கடற்படையே வென்றது. 2010 முதல் 2024 வரையுள்ள பதினைந்தாண்டில் விமானப்படை ஐந்து, கடற்படை ஐந்து, இராணுவம் நான்கு, எஞ்சிய ஓராண்டு சமநிலை.

இவ்வலைகளுக்குக் காரணம் வீரர் தொகையிலன்று, ஆட்டமுறையிற் காணப்படும். பெருநிறை கொண்ட முன்னணி வீரரைப் பெற இயலாத படைக் கல்லூரிகளுக்கு ஏற்றதாய் ஒரு முறை உண்டு. ஆட்டத்தை நடத்தும் வீரன் பந்தை முன்னோடும் ஒருவனிடம் கொடுக்கலாம். தானே கொண்டு ஓடலாம். பக்கத்தே ஓடிவரும் மற்றொருவனுக்கு எறியலாம். எதிரணியில் ஒருவனைத் தடுக்காது விட்டு, அவன் எப்பக்கம் சாய்கின்றான் என்பதை நோக்கி இம்மூன்றனுள் ஒன்றைக் கணத்தில் தெரிந்துகொள்ளல் வேண்டும். ஆதலின் இது மும்மைத் தெரிவுமுறை எனப்படும். வலியோனை மோதி வெல்லாது, அவனைப் பிழையான பக்கம் சாயச் செய்து வெல்வதே இதன் நுட்பம். உடற்பருமனிலும் கட்டொழுங்கும் விரைந்த சிந்தனையும் இதற்கு வேண்டுவன. அவை படைக் கல்லூரி மாணவரிடம் நிரம்ப உள. பிற பல்கலைக்கழகங்கள் அருகியே கையாளும் முறையாதலால், அதனை எதிர்க்கப் பயிலுவோர்க்குச் சில நாள்களே கிடைக்கும் என்பதும் ஒரு நயமாகும்.

விமானப்படைக் கல்லூரி இம்முறையைக் கென் ஹற்பீல்டின் காலத்தில் மேற்கொண்டு, 1984 முதல் 2006 வரை பயிற்றுநராயிருந்த பிஷர் டிபெரியின் கீழ் வளம்பெறச் செய்தது. அதன் மேலாண்மைக்கு இதுவே முதற்காரணம். இராணுவமும் ஜிம் யங் என்பவரின் கீழ் 1984இல் இத்தகைய முறைக்கு மாறி அவ்வாண்டே கிண்ணம் வென்றது. ஆனால் 2000இல் புதிய பயிற்றுநரின் கீழ் இராணுவம் அதனைக் கைவிட்டுப் பந்தெறிதலை முதன்மைப்படுத்தியது. அதன்பின் நான்காண்டுக்கும் குறைந்த காலத்தில் ஐந்து ஆட்டம் வென்று 35 ஆட்டம் தோற்றது. 2003இல் ஆடிய 13 ஆட்டத்தையும் தோற்றது. கடற்படையோ 2001இல் பத்து ஆட்டத்தையும் தோற்றபின், 2002இல் போல் ஜோன்சனைத் தலைமைப் பயிற்றுநராக்கி மும்மைத் தெரிவுமுறைக்கு மீண்டது. அவ்வாண்டே இராணுவத்தை 58-12 என வென்றது. 2002 முதல் 2015 வரை பதினான்காண்டு தொடர்ந்து இராணுவத்தை வென்றது. இத்துணை நீண்ட தொடர்வெற்றி இவ்விருவர் வரலாற்றில் வேறில்லை.

சமநிலை மீண்டது எவ்வாறு? விதி மாற்றத்தாலன்று, கல்வியால். ஜோன்சனிடம் பணிபுரிந்து பயின்ற ஜெப் மொங்கன் என்பவரை 2014இல் இராணுவம் பயிற்றுநராக்கிற்று. எதிரியின் கலையை எதிரியின் பள்ளியிலேயே கற்றவரைக் கொண்டுவந்தது என்க. 2016இல் 21-17 என இராணுவம் வென்று பதினான்காண்டுத் தோல்வியை முடித்தது. மூவரும் ஒத்த முறையினராயின், புதுமையால் வரும் நயம் ஒழிந்தது. நாள்தோறும் தன் குழுவுக்கு எதிரே பயில்பவன் எதிரியின் முறையையும் அறிந்தவனாகின்றான். ஆகவே ஆட்டங்கள் நெருக்கமாயின: 2017இல் 14-13, 2018இல் 17-10, 2021இல் 17-13, 2023இல் 17-11. 2022இல் இவ்விருவர் வரலாற்றில் முதன்முறையாக மேலதிக நேரம் சென்று 20-17 என இராணுவம் வென்றது.

2024இல் நடந்தது 125ஆவது ஆட்டம். கடற்படை 31-13 என வென்றது. அதுவரை கடற்படை 63, இராணுவம் 55, சமநிலை 7. நூற்று முப்பத்துநான்கு ஆண்டு வரலாற்றில் வேறுபாடு எட்டே ஆட்டம்! இடையிலோ பன்னீராண்டும் பதினான்காண்டும் ஒருபாற் சாய்வுகள். இதனால் நாம் அறிவது யாது? போட்டியிற் சமநிலை என்பது துலாக்கோலின் அசைவற்ற நிலையன்று. ஒருபால் தாழ்ந்தும் மறுபால் உயர்ந்தும், தாழ்ந்தது மீண்டும் எழுவதற்கு வழி அடைபடாதிருத்தலே மெய்யான சமநிலை. நடுநிலைக் களம், ஒத்த விதி, ஒத்த கடமை என்பன அவ்வழியைத் திறந்து வைத்தன. அவ்வழியே நடந்து மீண்டவர் தோற்றவரே.

இன்று இம்மூவரையும் சூழ்ந்த உலகம் விரைந்து மாறுகின்றது. 2021 முதல் பிற பல்கலைக்கழக வீரர் தம் பெயரையும் புகழையும் கொண்டு பொருளீட்டவும், கல்லூரி விட்டுக் கல்லூரி எளிதில் மாறவும் இடமுண்டாயிற்று. படைக் கல்லூரி மாணவர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. வெளியாரோடு இவர்க்குள்ள இடைவெளி இதனால் அகலக்கூடும் எனப் பலர் கருதினர். ஆயினும் 2024இல் அமெரிக்கன் இணைப்பிற் சேர்ந்த முதலாண்டிலேயே இராணுவம் அவ்விணைப்பின் வெற்றிக்கிண்ணத்தைக் கைக்கொண்டது. பணத்தை நாடிக் குழுவைவிட்டு நீங்காதோர் நான்காண்டும் ஒன்றாகப் பயிலுதலும் ஒரு வலிமையே எனக் கருத இடமுண்டு.

வரலாற்றாசிரியர் அரசுகளின் வலுச் சமநிலையை ஐயத்தோடு நோக்குவர். அது பலமுறை போரில் முடிந்தது. காரணம், அங்கே ஒவ்வோர் அரசும் மற்றதன் வீழ்ச்சியை விரும்பியது. படைக் கல்லூரிகளின் நிலை அவ்வாறன்று. டிசெம்பர் மாதத்து ஒரு பிற்பகலிலே எதிரெதிர் நிற்கும் இளைஞர், மறுவாண்டு ஒரே கொடியின்கீழ்ப் பணிபுரியச் செல்பவர். ஆட்டம் முடிந்ததும் இரு குழுவினரும் ஒருங்கே சென்று, முதலில் தோற்ற கல்லூரியின் பாடலையும் பின்னர் வென்ற கல்லூரியின் பாடலையும் அவ்வம் மாணவர்முன் நின்று கேட்பது வழக்கமாயுள்ளது. எதிரி தன்னோடு ஒத்தவனாய் நிலைத்திருத்தலைத் தன் நலமாகக் கருதுவோரிடையே மட்டுமே சமநிலை நெடிது நிற்கும். கல்லூரிகள் தம்முள் ஆடும் எவ்வகை ஆட்டத்துக்கும் இது பொருந்துவதாகும்.